ஜன்னல் பக்கம்

குடியேற்ற நேர்காணலுக்குப் போகிற அன்று காலையிலும் கிளோவிஸ் துணி அலமாரியில் முட்டிக்கொண்டான். குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு வந்தவன், பாதி உடுத்தியும் உடுத்தாமலும் அறைக்குள் நுழைந்து, நேராக ஜன்னல் பக்கம் நடந்து, நெற்றியை இடித்துக்கொண்டு நின்றான். அலமாரி அந்த இடத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் அவன் கால்கள் அதைக் கேள்விப்படவே இல்லை போலிருந்தது. மெர்லீன் முதல் சில மாதங்கள் இதற்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்கு மட்டும், அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவதைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே வாயைத் திறந்தாள்.

"கண்ணு எங்கய்யா இருக்கு? நெத்திப் புடைப்போட ஆபீசர் முன்னாடி போய் உக்காரு. பொண்டாட்டி அடிச்சிருக்கா, நெஜக் கல்யாணம்தான்னு உடனே முத்திரை குத்திருவாங்க."

"அப்ப இன்னொரு தடவ முட்டிக்கவா?" என்றான் கிளோவிஸ்.

நெஜக் கல்யாணம்தான். அதில் மெர்லீனுக்குச் சந்தேகம் கிடையாது. பிராங்க்ஸில் எங்கள் ஜமைக்கா ஜனங்கள் நிறைந்த தெருவில், தலைக்கு மேலே ரயில் ஓடுகிற பாலத்துக்கு எதிரே இருந்த தேவாலயத்தில்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இவள் ஐம்பது தாண்டிய விதவை, வயதானவர்களை அவர்கள் வீட்டுக்குப் போய் இரவில் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிறவன், மனைவியை இழந்தவன், இந்த நாட்டுக் குடிமகன். பார்த்ததும் காதல் என்றெல்லாம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செய்துவந்த மரவள்ளிப் பணியாரத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்றான், அவ்வளவுதான். அந்த வயதில் அது போதும்.

கல்யாணத்துக்கு அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "ரூமைத் திருப்பிப் போடு. திருப்பாம உள்ள கால் வைக்க மாட்டேன்."

எங்களில் ஒருவர் இறந்தால் ஒன்பதாம் இரவு வரை அந்த வீடு அவருடையதுதான். ஒன்பதாம் இரவு பாட்டும் பொரித்த மீனும் ரம்முமாகக் கூடியிருந்து அவரை வழியனுப்பிவிட்டு, அவர் படுத்திருந்த அறையை அடையாளம் தெரியாதபடி மாற்றிப் போடுவோம். கட்டில் இடம் மாறும், தலைமாடு கால்மாடாகும், திரைச்சீலை வேறாகும். நினைப்பு வந்து திரும்பி எட்டிப் பார்க்கிறவர், இது நம் வீடில்லை என்று தன் வழியே போய்விட வேண்டும். மெர்லீனின் முதல் புருஷன் ஆல்வின் லாரியிலிருந்து விழுந்து செத்தபோது அவள் எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். அதற்கு மேல், ஒரு வருஷம் உள்ளே சிவப்புத் துணிதான் உடுத்தினாள், செத்த புருஷன் கிட்டே வராதிருக்க. ஆல்வின் வரவே இல்லை. பாவம், உயிரோடு இருந்தபோதும் சொன்னால் கேட்கிற மனுஷன்.

கிளோவிஸின் முதல் மனைவி அயோனி இறந்தது பிப்ரவரியில். முழங்கால் ஆழம் பனி. ஒன்பதாம் இரவுக்கு வந்த நாலு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அயோனியின் தங்கை டல்சி மட்டும் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "பிடிங்க அத்தான், தூக்குவோம்" என்றாளாம். இவன் அசையவில்லை. "இந்தப் பனியில அவ எங்க போவா?" என்று கேட்டானாம். இதை அவனே மெர்லீனிடம் சொன்னான், கல்யாணத்துக்கு முன்பு. அப்போது அவளுக்கு அவன் மேல் இரக்கம்தான் வந்தது. மூன்று வருஷம் அந்த அறை அப்படியே கிடந்து, இவளுக்காகத்தான் மாறியது. பழைய அறை எப்படி இருந்தது என்று இவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இவள் வந்தபோது கட்டில் உள்சுவரோரமாக இருந்தது, ஜன்னல் கால்மாட்டில், மஞ்சள் திரை புதுத்துணி வாசத்தோடு.

ஆனாலும் ஒன்று உண்டு. இரவு வேலை முடிந்து வந்து பகலில் படுக்கிறவள் மெர்லீன். கண் விழிக்கிற அந்த ஒரு கணம், வெளிச்சம் கால்மாட்டிலிருந்து வராது. வலது கன்னத்தில் விழும். பக்கத்திலேயே ஜன்னல் இருப்பது போல, கை நீட்டினால் தொடலாம் போல. கண்ணை நன்றாகத் திறந்தால் வலப்பக்கம் வெறும் சுவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். கிளோவிஸிடம் சொன்னதில்லை.

இந்த நாட்டில் தங்கவும் வெளியே போய்வரவும் விடுகிற அந்த கிரீன் கார்டு அவளுக்கு வேண்டும். சுற்றிப்பார்க்க என்று எட்டு வருஷத்துக்கு முன்பு வந்து தங்கிவிட்டவள். போனால் திரும்பி வர முடியாது, இருந்தால் போய்ப் பார்க்க முடியாது. ஊரில் விட்டுவந்த மகள் டமோயாவுக்கு இப்போது ஒரு குழந்தை. அதன் தலை எந்த வாசம் அடிக்கும் என்று போன் திரையில் தெரியவா போகிறது?

அலுவலகத்தில் அவர்களைக் கூப்பிட்ட அதிகாரி, மகள் வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். கோப்பிலிருந்து இரண்டு இறப்புச் சான்றிதழ்களை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், ஆல்வினுடையது ஒன்று, அயோனியுடையது ஒன்று. நாலு பேருமாக உட்கார்ந்திருப்பது போல் மெர்லீனுக்குத் தோன்றியது.

"உங்க முந்தைய கல்யாணம் முடிஞ்சுபோச்சு, இல்லையாம்மா?"

"முடிஞ்சுபோச்சு," என்றாள் மெர்லீன், கேள்வி முடியுமுன்னே.

"உங்களோடது, சார்?"

கிளோவிஸ் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு, "ஆமா," என்றான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்கிறேன். அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

மெர்லீன் நடைவழியில் உட்கார்ந்து, தெரிந்த வேதாகமச் சங்கீதங்களையெல்லாம் முணுமுணுத்து முடித்தாள். கிளோவிஸ் வெளியே வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். கெட்டது என்கிறானா, பயப்படாதே என்கிறானா என்று புரிவதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் கேள்விகள் சுலபம். நேற்று ராத்திரி என்ன சாப்பாடு, யார் முதலில் எழுவது, அவர் டீக்குச் சர்க்கரை போடுவாரா. பிறகு, "படுக்கையறையைச் சொல்லுங்க. கட்டில் எங்க இருக்கு?"

உள்சுவரோரமா என்று சொல்லத்தான் மெர்லீன் வாயைத் திறந்தாள்.

"ஜன்னலோரமா," என்றது அவள் வாய்.

"நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"ஜன்னல் பக்கம். எனக்கு வலது கைப்பக்கம் ஜன்னல். பச்சைத் திரை, கீழ் ஓரம் கொஞ்சம் கருகியிருக்கும், ஹீட்டர்ல பட்டு. ஜன்னல் திட்டுல ஒரு தம்ளர் தண்ணி இருக்கும் எப்பவும். எனக்குத் தொண்டை வறண்டுபோகும்."

அவளுக்குத் தொண்டை வறளுவதே கிடையாது. தப்பு, தப்பு, மாற்றிச் சொல் என்று உள்ளே ஒருத்தி அலறிக்கொண்டிருந்தாள். வெளியே இருந்தவளோ கைப்பையின் மேல் கைகளை அடுக்கிவைத்து நிதானமாக உட்கார்ந்திருந்தாள், தன் வீட்டைப் பற்றித் தன்னிடமே கேட்பவரைப் பார்க்கிறவள் மாதிரி. அதிகாரி எழுதிக்கொண்டே போனாள்.

கிளோவிஸை மறுபடி உள்ளே அழைத்தபோது அதிகாரி சிரித்தாள். "தம்ளர் தண்ணி வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லியிருக்கீங்க. இந்த மாதிரி நான் அதிகம் பார்த்ததில்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகாததால இப்ப ரெண்டு வருஷத்துக்குத்தான் கார்டு. அதுக்குள்ள எங்க ஆளுங்க எப்ப வேணா வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அப்புறம் நிரந்தரமாக்க மறுபடி விண்ணப்பிக்கணும். வாழ்த்துகள்."

நடைவழியில் மெர்லீன் சுவரில் சாய்ந்து அழுதாள். சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷமேதான். வேறு எதையும் நினைப்பதற்கு முன்பாக மகளைக் கூப்பிட்டுவிட்டாள். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன்டி. பாப்பாகிட்ட சொல்லு" என்றாள். அந்தப் பக்கம் டமோயா போட்ட சத்தம் காவலாளியையே திரும்பிப் பார்க்க வைத்தது.

ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் கிளோவிஸ் பேசினான்.

"மெர்லீன், என்னை மன்னிச்சிரு. பதட்டத்துல பழசைச் சொல்லிட்டேன். கட்டில் ஜன்னலோரம், பச்சைத் திரை, தம்ளர், எல்லாம் அவ இருந்தப்ப இருந்தது. நீ இப்ப இருக்கறதைச் சொல்லியிருப்ப, செத்தோம்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு எல்லாம் ஒத்துப்போகுதுங்கறா. நீ என்னதான் சொன்ன?"

"பச்சைத் திரைன்னு சொன்னேன்."

"ம்."

"ஓரம் கருகியிருக்கும்னும் சொன்னேன்."

கிளோவிஸ் அவள் பக்கம் திரும்பினான். "அதை நான்கூட சொல்லலையே. யாரு சொன்னா உனக்கு? டல்சியா?"

"டல்சி என்கிட்ட அவ பேரையே எடுத்ததில்ல."

ரயில் பூமிக்கடியிலிருந்து ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. எதிரே இருந்த கண்ணாடியில் இருவர் முகமும் மறைந்து கூரைகள் தெரிந்தன.

"அப்ப அவ நமக்கு உதவிதான் பண்ணியிருக்கா," என்றான் கிளோவிஸ், தாழ்ந்த குரலில்.

"உதவியா? கல்யாணம் முடிஞ்சுபோச்சான்னு உன்னைக் கேட்டாங்க. நீ வாயடைச்சு உக்காந்திருந்த. அவ முடியலைன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

இரண்டு நிலையம் கழிந்து, "கட்டிலைப் பழையபடி போட்டுடணும்" என்றான். "ஆளுங்க வந்தா?"

"மாத்திப் போட்டோம்னு சொன்னாப் போச்சு."

"எப்ப மாத்துனீங்கன்னு கேட்டா? ஏன்னு கேட்டா? செத்தவ வராம இருக்கன்னு சொல்லுவியா? நம்ம ரூமு ஒண்ணரை வருஷமா இப்படித்தான்னு மேல வீட்டுக்காரிக்கும் தெரியும். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மெர்லீன் அவன் கண்களைப் பார்த்தாள். அங்கே பயம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாளெல்லாம் சுமந்த பெட்டியை இறக்கிவைக்க இடம் கிடைத்தவன் போல இருந்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். பேயின் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் எந்த மரத்தில் ஏறுவது? பிறந்ததிலிருந்து நேரில் பார்க்காத பேரக் குழந்தையை நினைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வர்றேன் என்று சொல்லியாகிவிட்டது.

"சரி, போடு," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கோட்டைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. அலமாரியையும் அதன் முன்னால் கிடந்த விரிப்பையும் நகர்த்தியபோது, கம்பளத்தில் நாலு குழிகள், இருபது வருஷத்துப் பாரம் அழுத்திய குழிகள், நிமிராமல் அப்படியே இருந்தன. கட்டிலை இருவருமாக இழுத்தார்கள். இவளுக்குச் சுமையே தெரியவில்லை. கால்கள் நாலும் ஒரே நேரத்தில் குழிகளுக்குள் இறங்கின. கிளோவிஸ் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மடித்துவைத்த பச்சைத் துணியை எடுத்தான். அவன் அதை எறியாமல் வைத்திருந்தது மெர்லீனுக்குத் தெரியாது. விரித்தபோது கீழ் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"படுத்துப் பாரு, சரியா இருக்கான்னு," என்று சொல்லிவிட்டு அவன் சமையலறைக்குப் போனான். அவன் நடையில் தடுமாற்றமே இல்லை, எதிலும் முட்டவும் இல்லை.

மெர்லீன் காலணியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் படுத்தாள். பிற்பகல் வெயில் பச்சைத் திரை வழியாக வடிந்து அவளுடைய வலது கன்னத்தில் விழுந்தது. தூக்கத்திலிருந்து விழிக்கும்போதெல்லாம் விழுந்த அதே இடம். உடம்புக்குச் சுகமாக இருந்தது, அதை மறுக்க முடியவில்லை. இந்தச் சுகம் யாருடையது என்று நினைக்கும்போதே தொண்டை வறண்டது. பார்க்காமலே கையை ஜன்னல் திட்டுக்கு நீட்டினாள். விரல்களில் குளிர்ந்த கண்ணாடித் தம்ளர் பட்டது.

"எப்பய்யா தண்ணி வச்ச?" என்று கேட்டாள்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "இப்பதான் பிடிக்கிறேன்," என்றபடி கிளோவிஸ் நிரம்பிய தம்ளரோடு வாசலில் வந்து நின்றான். அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தான். ஜன்னல் திட்டில் ஏற்கெனவே ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது.

மெர்லீன் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கத்தலாம். கட்டிலை மறுபடி உள்சுவருக்கு இழுக்கலாம். "குடு இங்க," என்று அவனிடமிருந்து தம்ளரை வாங்கினாள். "அயோனி," என்றாள், ஜன்னலைப் பார்த்து, தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசுவது போல. "ரெண்டு வருஷம். ஜன்னல் பக்கம் உனக்கு, நான் மறுபக்கம் படுத்துக்கறேன். என் புள்ளைய ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்." தன் தம்ளரை மற்றதன் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலின் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது வெளியே பாலத்தின் மேல் ரயில் போனது. வழக்கம் போல ஜன்னல் அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது, அவள் வைத்த தம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. பக்கத்துத் தம்ளரில் தண்ணீர் அசையவே இல்லை.