மிக்சி ஜாரும் சின்மயியின் மேற்படிப்பும்

சின்மயிக்கு வம்பு கேட்கப் பிடிக்கும். இதை நாசூக்காகச் சொல்ல வழியே இல்லை. சேலையூர்க் குடியிருப்பில் எந்த வீட்டுப் பெண் பார்க்கும் படலம் எந்த பஜ்ஜியால் முறிந்தது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. எம்.பி.பி.எஸ். முடித்தால் திருந்திவிடுவாள் என்று பெற்றோர் நம்பினார்கள், பாவம்.

மேற்படிப்புக்கு எந்தத் துறை வேண்டும் என்று அன்று மாலைக்குள் இணையத்தில் போட்டு லாக் செய்தாக வேண்டும். அப்பா ஸ்ரீநிவாசராகவன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற ரேடியாலஜியை முதலில் போட்டுவிட்டு, மவுசின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சின்மயிக்கு வேண்டியதோ குடும்ப மருத்துவம். சளி, சர்க்கரை, முழங்கால் வலி என்று யார் வந்தாலும் பார்க்கிற, அதே ஆட்களை வருஷக்கணக்கில் பார்க்கிற வேலை.

"ரேடியாலஜின்னா ஏசி ரூம். பேஷண்ட்டோட பேசற தொந்தரவே கிடையாது" என்றார் அப்பா.

"அதாம்பா பிரச்சினையே."

சேவை, ஏழைகள், சமுதாயம் என்று தயார் செய்து வைத்திருந்த பேச்சை எடுத்துவிட்டாள். அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஒப்பிக்கிற முகம் அவருக்குத் தெரியாதா?

"நிஜத்தைச் சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னாள். நோயாளியின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். நாம் செல்வமேரி என்று ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்.

பெரும்பாக்கம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்மயி பயிற்சி டாக்டராக இருந்தபோது செல்வமேரி வந்தார். மாத்திரையைத் தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சின்மயி, வைத்தியத்துக்காக அல்ல, சத்தியமாக வம்புக்காக, "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அத்த ஏன் கேக்குற டாக்டரம்மா! ஒரே பிளாக்குல ரெண்டு மருமவளுங்க கீதுங்க. சின்னவ மிக்சி ஜார வாங்கினு போயி மூடிய ஒடச்சிக் குடுத்துட்டாளாம். அதுலேர்ந்து பேச்சு இல்ல. ஒருத்தி வூட்ல காபி குடிச்சா இன்னொருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறா. அதான் ரெண்டு வூட்லயும் குடிச்சிடுறேன். இவ கேசரி கிண்டுனா அவ பாயசம் வைக்கிறா. வேணாம்னா, 'அவ வூட்ல மட்டும் துன்னியே'ன்றா. இன்னா பேஜாரு!"

சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துபோயிற்று. அடுத்த வியாழக்கிழமை மருமகள்களையும் கூட்டிவரச் சொன்னாள். வந்தார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி, நடுவில் மாமியார். சர்க்கரை முற்றினால் கண்ணும் காலும் என்ன கதியாகும் என்று சின்மயி விளக்கினாள். சின்னவள் அழுதாள். பெரியவள் அழவில்லை. விருட்டென்று எழுந்து, தன் கூடைக்குள் கையை விட்டு...

"கைய விட்டு?" அம்மா வேதா கரண்டியோடு வந்து நின்றிருந்தாள். அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாதும்மா. அந்த நேரம் பார்த்து ஒருத்தரைப் பிரசவ வலியோட கொண்டுவந்தா. நான் ஓடிட்டேன். திரும்பி வரச்சே அவா போயாச்சு. அன்னியோட என் போஸ்டிங்கும் முடிஞ்சுடுத்து."

"பாதியில விட்டுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு டாக்டரா?" என்று அப்பா பொரிந்தார்.

"ரேடியாலஜி எடுத்தா வாழ்க்கை பூரா இப்படித்தாம்பா. எலும்பு தெரியும், ஆளைத் தெரியாது. எனக்கு அந்த அம்மாவைத் திரும்பப் பார்க்கணும். சர்க்கரை இறங்கித்தான்னு தெரிஞ்சுக்கணும்."

வம்பாக ஆரம்பித்தது எப்போது கவலையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா குடும்ப மருத்துவத்தை முதலிடத்துக்கு ஏற்றி, தானே லாக் செய்தார். இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. கூடையில என்ன இருந்தது?"

"பேஷண்ட் விஷயத்தை வெளியில சொல்லக்கூடாதுப்பா. இவ்வளவு சொன்னதே தப்பு."

ஸ்ரீநிவாசராகவன் மறுபடி மவுசைப் பிடித்து, லாக்கை எடுக்க எங்கேயாவது வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.