நிலையான வருமானம்

...என்னுடைய சம்பளத்தைவிட இவருடைய சம்பளம் அதிகம் என்று எதிரே இருந்த கடன் அதிகாரி சொல்லி முடித்துவிட்டார், நானும் தலையை ஆட்டிவிட்டேன், ஆட்டிய பிறகுதான் காதில் விழுந்தது, என்ன சொன்னார், யாருடையது அதிகம்? பக்கத்து நாற்காலியில் என் கணவர், பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், நான் கூப்பிடுவது வாத்தியாரே என்று, அவருக்கு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாதா, மாதக் கடைசியில் வண்டிக்குப் பெட்ரோல் போட என்னிடம்தான் வருவார், வரும்போதே "கேப்டன், தரையில இருக்கிறவங்களையும் கொஞ்சம் கவனிங்க" என்று கையை நீட்டுவார்... அந்தச் சம்பளம் முழுசாகக் கணக்கில் வருமாம், விமானம் ஓட்டுகிற என்னுடையதில் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் வருமாம். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், சாருக்கு மாசாமாசம் ஒரே தொகை. உங்களுக்கு மேல போனாத்தானே வருது?" என்கிறார், என் தம்பி வயதுதான் இருக்கும், சிரித்த முகம், மேல போனாத்தானே என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பாள், இங்கே நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. எனக்கு அடிப்படைச் சம்பளம் என்று வருவது சும்மா பேருக்கு, மீதியெல்லாம் பறந்த நேரத்துக்கு, இத்தனை மணி நேரம் ஆகாயத்தில் இருந்தாய், இந்தா கூலி, ராத்திரி பறந்தாயா, இந்தா கொஞ்சம் கூட, வெளியூரில் தங்கினாயா, சாப்பாட்டுக் காசு இந்தா... கூட்டிப் பார்த்தால் கை நிறையத்தான் வருகிறது, பிரித்துப் பார்த்தால் தினக்கூலி, தொப்பி போட்ட தினக்கூலி. இத்தனை வருடமாக இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? விமானம் நிறைய ஆட்கள் என் குரலை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்குகிறார்கள், ஒரு வங்கி என்னை நம்பி ஒரு வீட்டுக்குக் கடன் கொடுக்காதா? வாத்தியார் இதைக் கேட்டு ஒரு கிண்டலாவது அடிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன், வீட்டுக்குப் போனதும் நான்தான் பெரிய தலை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற ஆள், இன்றைக்கு என்னவோ சட்டைப் பையை ஒரு கையால் பிடித்தபடி மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வீடு கிடைக்காதோ என்ற கவலையாக இருக்கும், பாவம்.

அந்த வீட்டை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. இரண்டாவது மாடி, பின்பக்கம் முழுக்க ஜன்னல், வெளிச்சம் அப்படியே தரையில் வந்து விழும், இங்கே உட்கார்ந்து வரையலாம் என்று போன அன்றைக்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், வீட்டுத் தரகர் பயந்துபோனார். விமான நிலையத்திலிருந்து தள்ளியும் இருக்கிறது, ரொம்பத் தள்ளியும் இல்லை, ஸ்டாண்ட்பை நாளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்றைக்குக்கூட எனக்கு ஸ்டாண்ட்பைதான், வீட்டில்தான் இருப்பேன், ஆனால் இருக்கமாட்டேன், சீருடை இஸ்திரி போட்டுத் தயாராக, பெட்டி கட்டித் தயாராக, யாராவது ஒரு பைலட்டுக்குக் காய்ச்சல் என்றால் கம்பெனி கூப்பிடும், கூப்பிட்ட கையோடு ஓடவேண்டும், குளிக்கப் போனாலும் போன் கூடவே வரும். சக்களத்தி என்பதற்கு ஆண்பால் என்ன, உன் போனுக்கு அதுதான் பெயர் என்பார் வாத்தியார். வங்கி விமான நிலையச் சாலையிலேயே இருப்பதால் இன்றைக்கே வரலாம் என்று முடிவு செய்தோம், சீருடைக் கால்சட்டையோடு வந்திருக்கிறேன், பெட்டி வண்டியில் இருக்கிறது... அந்த வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன அறை, தரகர் அதன் கதவைத் திறந்து "இது குழந்தைக்குன்னே கட்டின மாதிரி இருக்கு பாருங்க" என்றார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டோம்.

"போன வருஷம் நடுவுல மூணு மாசம் நீங்க பறக்கவே இல்லையே மேடம், ஏன்?" என்று அதிகாரி கேட்கிறார். உடம்பு சரியில்லை என்றேன். நல்லவேளை, மேலே கேட்கவில்லை, மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து கண்ணாடி அறைக்குள் போய்விட்டார், நானும் இவரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உடம்பு சரியில்லை... எங்கள் தொழிலில் உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த உடனே கம்பெனி டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சொன்ன நிமிடத்திலிருந்து பறக்கக் கூடாது, பறக்காவிட்டால் பறக்கிற காசும் கிடையாது. போன வருஷம் சந்தோஷமாகச் சொன்னேன், கம்பெனிக்கு, இவருக்கு, ஊருக்கெல்லாம், நாத்தனார் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி காலுறை பின்னி அனுப்பினாள். பிறகு ஒரு நாள் இல்லை என்று ஆகிவிட்டது. சொன்னவர்களிடமெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டுமே, அந்த வேலையை வாத்தியார் ஏற்றுக்கொண்டார், மொட்டைமாடியில் போய் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப... கீழே படுத்திருந்த எனக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, கடைசி ஆளிடம் சொல்லும்போது உடைந்துவிட்டது. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது, முடியவே முடியாது.

அதனால்தான் காலையில் சொல்லவில்லை. குளியலறையில் அந்தச் சின்னப் பட்டையில் இரண்டாவது கோடு வந்ததும் முதலில் தோன்றியது பயமா சந்தோஷமா, இரண்டும் இல்லை, ஐயோ இன்றைக்கு ஸ்டாண்ட்பையாச்சே, கூப்பிட்டால் போகக் கூடாதே என்றுதான் தோன்றியது, உடனே குழாயைத் திறந்துவிட்டுக் கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டேன், முகம் தெரியாத ஒரு அம்மா, "சந்தோஷம்மா, இன்னையிலிருந்து உங்களைப் பறக்கிறவங்க பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன்" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்தால் இவர் மேஜையில் பட்ட வர்ணக் கறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், என்ன கேப்டன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்றார், தூக்கம் என்றேன். சீருடைக் கால்சட்டையை மாட்டினேன், பெட்டியை வண்டியில் வைத்தேன், நாடகம் போடுவதென்றால் முழுசாகப் போட வேண்டாமா... கொஞ்ச நாள் போகட்டும், நிலைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். பொய் சொல்வானேன், கடனும் ஒரு காரணம். இவருக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்று பேச வராது, தெரிந்தால் இந்த நாற்காலியிலேயே உளறிக் கொட்டிவிடுவார், அந்த ஜன்னல் போய்விடும், அந்த வெளிச்சம் போய்விடும். நேற்று வரை நான் வாங்கியதெல்லாம் உண்மைச் சம்பளம்தானே, யாரை ஏமாற்றுகிறேன்?

அதிகாரி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார், உட்காரும்போதே "நல்ல சேதி மேடம்" என்றார், மேனேஜர் ஒத்துக்கொண்டுவிட்டாராம், பறக்கிற காசையும் சராசரி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாமாம், கேட்ட கடன் முழுசாகக் கிடைத்துவிடுமாம். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "ஒண்ணே ஒண்ணுதான். போன வருஷம் மாதிரி திரும்பவும் நடுவுல நிக்க மாட்டீங்கதானே? வர்ற மாசங்கள்ல வருமானம் குறையுற மாதிரி எதுவும் இல்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் எழுதி அனுப்பிடறேன்." ஒரு வார்த்தை... நாக்கில் அது தயாராக இருந்தது, ஆகாயத்தில் ஒரு பக்கம் இன்ஜின் நின்றால்கூட என் குரல் நடுங்காது என்று பெயர் வாங்கியவள், இல்லை என்று சொல்ல எத்தனை நேரமாகும், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"இருக்கு சார்" என்றது பக்கத்து நாற்காலி. "குறையும். என் சம்பளத்தையும் இவங்க அடிப்படைச் சம்பளத்தையும் மட்டும் வெச்சுப் போடுங்க. எவ்வளவு வருதோ அதுக்குள்ள ஒரு வீடு பாத்துக்கிறோம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது அடைத்துக்கொண்டது, இறங்கும்போது அடைக்குமே அந்த மாதிரி. இவருக்கு எப்படி, யார் சொன்னது, பட்டையைக் காகிதத்தில் சுற்றி என் கைப்பையில் அல்லவா வைத்திருக்கிறேன்... அதிகாரி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "பேசிட்டு இருங்க, தண்ணி கொண்டு வரச் சொல்றேன்" என்று நாசூக்காக எழுந்து போனார், நல்ல பிள்ளை.

எப்படித் தெரியும் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. வாத்தியார் சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார், திரை மேலே பார்க்க, நான் எப்போதும் வைப்பது போலவே. "வண்டியில விட்டுட்டு இறங்கிட்டே. ஸ்டாண்ட்பை அன்னிக்கு நீ இதை விட்டுட்டு வந்ததை நான் பாத்ததே இல்ல. உன்னை எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுது. எதுக்கு எடுப்பாங்கன்னு யோசிச்சேன்" என்றார். நாடகத்துக்குப் பெட்டி வைத்தேன், கால்சட்டை மாட்டினேன், போனை மறந்துவிட்டேன், இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வண்டியைப் பூட்டிய நேரத்திலிருந்தே இவருக்குத் தெரியும், இவ்வளவு நேரமும் பையைப் பிடித்தபடி என் வாயிலிருந்தே வரட்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நானோ வீட்டுக் கவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். "டாக்டருக்குச் சொன்னியா?" என்றார். சொன்னேன் என்றேன். "நல்லது" என்றார், கோபமே இல்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகம் தெரியாத ஒரு அம்மாவுக்குத் தெரிந்த பிறகுதான் இவருக்கு, அதுவும் நான் சொல்லி இல்லை.

தண்ணீர் வந்தது, குடித்தேன், வீடு போயிற்றே என்று நினைக்கப் பார்த்தேன், நினைப்பு அந்தப் பக்கமே போகவில்லை, மேஜைமேல் கிடந்த போனிலேயே நின்றது. எனக்குத்தான் இன்றைக்கு இது வேண்டாமே, அது தெரிந்தும் ஏன் எடுத்து வந்தார்? தான் நினைத்தது தப்பாக இருந்தால் எனக்கு வேண்டியிருக்குமே என்று எடுத்து வந்திருக்கிறார்... வண்டியிலிருந்து இந்த நாற்காலிவரை இதைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தபோது, அது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாரா, சரியாக இருக்கட்டும் என்றா? கேட்டால் சொல்லிவிடுவார், அவருக்கு மறைக்க வராது. நான் கேட்கவில்லை, போனை எடுத்து அவர் பையிலேயே திரும்பப் போட்டேன்.