அமலி என்னும் அறுபத்திரண்டாம் கோள்

2017 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, புதுவயல் கிடங்குத் தெரு நான்காம் எண் வீட்டின் நடு அறையில், சூரியக் குடும்பத்தின் வெளி எல்லையைச் சேர்ந்த ஒரு கோள் வந்து நின்றது. பெரிய கொய்யாப்பழ அளவு, நாவற்பழ நிறம். தரையிலிருந்து தொட்டில் உயரத்தில் எதன் மேலும் படாமல் நின்று, தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்குக் காற்று ஐஸ் பெட்டியைத் திறந்தது போலச் சில்லென்றிருந்தது. வீட்டில் அப்போது இருந்தவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை மரிய அனிதா ஒருவர்தான். நீண்ட விடுப்பில் இருந்தார். அவர் கூச்சல் போடவில்லை. ஒரு பழைய துண்டை மடித்து அதன் அடியில் விரித்துவிட்டு, அருகில் உட்கார்ந்துகொண்டார். நான்கு மாதங்களுக்கு முன் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. உயிரில்லாமல் பிறந்தது.

அவருடைய கணவர் இமானுவேல் தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். அலுவலகம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் ‘வெளிவட்டக் கையேடு’ என்ற புத்தகத்தின் ஆசிரியர். தமிழ் வார இதழ்களில் வந்த அறிவியல் புனைகதைகளில் சொல்லப்பட்ட கோள்கள் அனைத்தையும் அகர வரிசையில் தொகுத்த புத்தகம் அது. எந்தக் கோளுக்கு எத்தனை நிலவு, அங்குள்ளவர்கள் என்ன சாப்பிட்டார்கள், ஏழாம் அத்தியாயத்தில் மூன்றாக இருந்த நிலவு பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நான்கானது எப்படி என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை வாங்குவோர் பத்தொன்பது பேர்; அவர்களேதான் அதற்குக் குறிப்பு எழுதுவோரும். கடைசிப் பகுதிக்குத் ‘தேடப்படுபவை’ என்று பெயர். நெப்டியூனுக்கு அப்பால் இருக்கலாம் என்று கதைக்காரர்களும் வானியலாளர்களும் ஊகித்த, யாரும் கண்ணால் காணாத கோள்கள் அதில் அறுபத்தொன்று. கையேட்டின் மூன்றாம் பதிப்பில், யாரிடமும் சொல்லாமல், இமானுவேல் அறுபத்திரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தார். பெயர்: அமலி. கண்டவர்: எவருமில்லை. குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயர் அது. அச்சகத்திலிருந்து முதல் படி கட்டி வந்த அன்றுதான் கோளும் வந்தது.

அனிதா அதை முதல் நாளிலிருந்தே பெயர் சொல்லித்தான் அழைத்தார். இமானுவேலும் மறுக்கவில்லை. ஊரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்த துளிகள் கல் உப்பு போல உறைந்து விழ, அவற்றைப் பொறுக்கி வைத்துவிட்டு ஜெபம் சொல்லிப் போனார். மின் கணக்கு எடுப்பவர் வரும்போதெல்லாம் மோர்ப் பாட்டிலை அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் குடித்தார். அந்தத் தெருவில் வரிசையாக ஐந்து வீடுகளுக்குச் சொந்தக்காரரான நாகம்மை ஆச்சி நேரில் வந்து பார்த்தார்.

“உருண்டை இருந்துட்டுப் போகட்டும் தம்பி. செவுத்துல ஈரம் இறங்குச்சுன்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார்.

ஈரம் இறங்கத்தான் செய்தது. கோள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நாளொன்றுக்கு மூன்று நெல் நீளம் வடகிழக்காக நகர்ந்தது. கையால் தள்ளினாலும் கடப்பாரையால் நெம்பினாலும் அதன் போக்கு மாறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அது சுவரைத் தொட்டது. தண்ணீருக்குள் போவது போலச் சுவருக்குள் போய், ஒரு வாரம் கழித்து ஆறாம் எண் வீட்டுச் சமையலறையில் வெளிப்பட்டது. அனிதா அந்த ஒரு வாரமும் சுவரில் கன்னத்தை வைத்தபடி இருந்தார். இமானுவேல் ஆறாம் எண் வீட்டுக்காரர்களிடம் பேசி வீட்டை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு எட்டாம் எண்ணுக்கு. பிறகு பத்துக்கு. பொதுமுடக்க காலத்தில் சாமான் வண்டி கிடைக்காமல் கட்டிலையும் பீரோவையும் இரண்டு பேருமே தூக்கிப் போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோள் கொஞ்சம் உயரவும் செய்தது. தொட்டில் உயரத்திலிருந்து இடுப்புக்கு, தோளுக்கு, தலைக்கு. தெருப் பெண்கள் அதைப் பார்த்து, “பிள்ளை வளந்துருச்சே டீச்சர்” என்பார்கள். அனிதாவுக்கு அதில் ஒரு பெருமை. பள்ளிக்குத் திரும்பிப் போனார். மாலை வந்ததும் அன்று வகுப்பில் நடந்ததை அதனிடம் சொல்வார். அது வந்த தேதியில் ஆண்டுதோறும் கேசரி கிண்டித் தெருவில் கொடுத்தார்.

2022 மே மாதம் அவர்கள் பன்னிரண்டாம் எண் வீட்டில் இருந்தார்கள். வரிசையில் அதுதான் கடைசி வீடு. அதற்கடுத்து அரிசி மில்லின் கிடங்குச் சுவர். கோள் உத்தரத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் தொட முடியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிள்ளையார்பட்டியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் கார்த்திகேய சிவம் வந்தார். கையேட்டின் பிழை திருத்துபவர் அவர். இமானுவேல் சாக்கோட்டைக்கு அளவைக்குப் போயிருந்ததால் ஐந்தாம் பதிப்பின் மெய்ப்பை அனிதாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அனிதா அதுவரை அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தார். அமலி: நீண்ட வட்டப் பாதை. சுற்றுக்காலம் பதினாலாயிரத்து இருநூறு ஆண்டு. இப்போது விலகிச் செல்கிறது. 2024 தொடக்கத்தில் கைக்கு எட்டாது.

இமானுவேல் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்டார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

இமானுவேல் மேசை மேல் இருந்த மெய்ப்பைப் பார்த்தார். “வந்த மாசமே தெரியும். டேப் வச்சு அளந்தேன்ல.”

“அஞ்சு வருசமா, இனி எங்கயும் போகாது, நம்மகிட்டத்தான் இருக்கும்னு சொன்னீக.”

“நீ தாங்க மாட்டேன்னு...”

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீக” என்றார் அனிதா. குரல் உயரவில்லை. “மயக்கம் தெளிஞ்சு பிள்ளை எங்கன்னு கேட்டேன். அடக்கம் பண்ணிட்டோம், நீ பாத்தா தாங்க மாட்டேன்னு சொன்னீக. பத்து மாசம் சுமந்தவ நான். அது முகம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பெட்டி செஞ்ச ஆளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

இமானுவேல் வாசல்படியில் உட்கார்ந்தார். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவர் காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அனிதாவின் முகத்தைப் பார்க்காமல், “முடி நெறைய இருந்துச்சு. பிடரி வரைக்கும்” என்றார். அனிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். மறுநாள், வலது காதின் ஓரம் மடங்கியிருந்தது என்றார். அதற்கடுத்த நாள், இடது புருவம் அனிதாவினுடையது போலவே பாதியில் கலைந்திருந்தது என்றார். அப்படி நாளொன்றுக்கு ஒன்றாக. ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடியவில்லை. ஒரே மூச்சில் கேட்க அனிதாவும் விரும்பவில்லை. ஒரு நாள், “நகம் வளந்திருந்துச்சு. வெட்டி விடணும் போல இருந்துச்சு. வெட்டல” என்று சொல்லிவிட்டு அளவைக்குப் போனவர், குளத்துப் புறம்போக்கில் அளவைச் சங்கிலியைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்ததாகக் கூட வந்த ஆட்கள் சொன்னார்கள். இருபத்தாறாவதைச் சொன்னதும் அவர், “அவ்வளவுதான் அனிதா. ரெண்டு நிமிசந்தான் பாத்தேன். ரெண்டு நிமிசத்துல இவ்வளவுதான் கெடச்சுச்சு” என்றார்.

அனிதா பேனாவை எடுத்து மெய்ப்பில் அமலி என்ற தலைப்பின் கீழ் அந்த இருபத்தாறையும் தன் கையால் எழுதினார். கார்த்திகேய சிவம் அதில் இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்திவிட்டு ஒன்றையும் வெட்டாமல் அச்சுக்குக் கொடுத்தார். ஐந்தாம் பதிப்பு அப்படியேதான் வந்தது. பத்தொன்பது பேரில் ஒருவர்கூட விளக்கம் கேட்டு எழுதவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் கோள், முன்னைவிட வேகமாக உயர்ந்தபடி, கிடங்குச் சுவருக்குள் போய், மில்லின் மொட்டை மாடிக்கு மேலே வெளிப்பட்டது. காவலாளி இருளாண்டி அவர்களுக்காக மாடிக் கதவின் பூட்டை எடுத்துவிட்டார். அனிதா பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறையும், வந்தபின் ஒரு முறையும் ஏறினார். இமானுவேல் தினமும் அளந்து, அளந்ததை அன்றன்றே அவரிடம் சொன்னார். இப்போது எதையும் குறைத்துச் சொல்வதில்லை. 2023 முழுவதும் இப்படிப் போனது. முதலில் நின்றபடி தொட்டார். பிறகு ஸ்டூல். பிறகு இருளாண்டி கொண்டுவந்து சாத்திய மூங்கில் ஏணி.

2024 பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, புதன்கிழமை காலை, ஏணியின் கடைசிப் படியில் நின்றும் அரை அடி எட்டவில்லை. இமானுவேல் அனிதாவை இறங்கச் சொல்லி, தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்த மேடை மேல் அவரையும் ஏற்றித் தானும் ஏறினார். அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது, இடது முழங்காலில் வலி. அங்கே நின்று அனிதாவை இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அனிதாவின் நடுவிரல் நுனி அதன் மேல் பட்டது. அது சுற்றிக்கொண்டிருந்ததால், விரல் நுனியில் ஒரு முழுச் சுற்றையும் அது காட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் ஒரு சுற்றுக்குப் பதினாறு மணி நேரம். இமானுவேல் நழுவிய பிடியை மாற்றிப் பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் பிடிக்கிறேன். தொட்டுக்க” என்றார்.

“போதும்” என்றார் அனிதா. “நானே சொல்றேன். இறக்கி விடுங்க.”

இறக்கிவிட்டார். பிறகு அனிதா பள்ளிக்குப் போனார். அன்று மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு. விரல் நுனி வெளுத்துப்போய்ப் பகல் முழுவதும் மரத்திருந்தது. சாயங்காலம் உணர்ச்சி திரும்பியபோதுதான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதார்.

கோள் அதன் பிறகு மில்லின் உலர்களத்தைக் கடந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பார்த்தால் ஒரு மிளகளவு தெரியும்; மேகமாக இருந்தால் தெரியாது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பும் பெண்கள் அதன் நேர் கீழே ஒரு முறம் அகலத்துக்கு நெல் கொட்டுவதில்லை; அது அவ்வளவு உயரம் போன பிறகும் அங்கே காயாது. எந்த இடம் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவர்களில் மூத்தவரான ராக்காயி காட்டுகிறார். “இங்குட்டுத் தள்ளிக் கொட்டுத்தா. அது டீச்சர் மக போற வழி.” அவர்களும் தள்ளிக் கொட்டுகிறார்கள்.