ஏழு பல் பின்னால்

நில அளவையர் இறந்த இருபதாம் நாளிலிருந்து அவருடைய காரின் ஓட்டுநர் இருக்கை தினமும் காலையில் அடித் தண்டவாளத்தில் ஏழு பல் பின்னால் போய் நின்றது. கார் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாரண்டி மூன்று வருடத்துக்கு இருந்தது. அவர் ஆறடி மூன்றங்குலம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துகிற அவருடைய மனைவியை எல்லோரும் லேப்காரம்மா என்பார்கள். கணவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தான் உயரம்தான் இருப்பாள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி, கடிகாரம், துணி காயப்போடும் கொடி எல்லாம் அவர் கைக்கு எட்டிய உயரத்தில் அவர் மாட்டியவை. இருபத்தாறு வருடம் அவள் ஸ்டூல் போட்டு ஏறித்தான் தலை வாரினாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், யாருடைய நிலத்தையோ பாதி அளந்த நிலையில், அவர் அளவுச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள் என்பதால் அவளுக்குக் கார் தேவைப்பட்டது. கணவர் இருந்தவரை அதைத் தொட்டதில்லை; போன பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் வந்ததும் இருக்கையை அவள் இறங்கிய இடத்திலேயே விட்டு, பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள். விடிந்து போய்ப் பார்த்தால் அது கடைசிப் பல்லில் நிற்கும். அடியிலிருக்கும் கம்பியைத் தூக்கி, டக் டக்கென்று ஏழு தடவை முன்னால் இழுத்துத்தான் கிளம்ப வேண்டும். “செத்தும் காலை மடக்க மாட்டீங்களா?” என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கார் வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் டை கட்டிய அட்வைசர் ஒருவர் இருந்தார். அவர் காரை நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு குறையும் இல்லை என்றார். பகலில் அது நகராது என்று அவள் சொன்னாள். மறுநாள் வரை வைத்துப் பார்த்தார்கள். காலையில் இருக்கை பின்னால் இருந்தது. வாட்ச்மேன் ஏறிப் படுத்திருப்பார் என்று எழுதினார்கள். வாட்ச்மேனோ நாலே முக்கால் அடி. மூன்றாம் முறை ஸ்பிரிங்கை மாற்றினார்கள், நான்காம் முறை தண்டவாளத்தை. ஐந்தாம் முறை, ஓட்டுகிறவர் உட்காருகிற விதம் சரியில்லை, இது வாரண்டியில் வராது என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு முறையும் சத்தமில்லாத டிவிக்கு முன்னால் அவளை மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அட்வைசர் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, “கம்பெனிலேர்ந்து போன்ல கேட்டா பத்துக்குப் பத்து மார்க் போடுங்க மேடம், இல்லன்னா என் தலைய உருட்டுவாங்க” என்று கெஞ்சினார். பாவமாயிருந்தது. பத்துதான் போட்டாள்.

மூன்றாம் வருடம் ஒரு காலை, தூக்கக் கலக்கத்தில் இருக்கையைப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. கார் எதிர் வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பால் வாங்கப் போன ஒரு பெண் நின்றிருந்தாள். அரை அடி தள்ளியிருந்தால் முடிந்தது. லேப்காரம்மா அப்படியே சர்வீஸ் சென்டருக்குப் போய், முதல்முறையாகக் கத்தினாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வாரண்டி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தலைமை அலுவலகம் இறங்கிவந்து முழு இருக்கையையும் மாற்றிக் கொடுத்தது.

புது இருக்கை வைத்த இடத்தில் நின்றது. மறுநாளும் நின்றது. நாலாம் நாள் காலை அவள் கதவைத் திறந்து, பழக்கத்தில் குனிந்து கம்பியைத் தூக்கப் போனாள். தூக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அன்று ஆறு மணி வரிசை ஏழரை வரைக்கும் பசியோடு நின்றது. இரண்டரை வருடத்துக்கு மேல் தினமும் வந்து உட்கார்ந்தவரை, இவள் தன் கையாலேயே தள்ளிவிட்டு, போதாததற்குப் புகாரும் எழுதியிருக்கிறாள்.

“பழைய சீட்டையே மாட்டிக் குடுத்துடுங்க தம்பி,” என்று அட்வைசரிடம் போய்க் கேட்டாள்.

“மேடம், அது குறையுள்ள சீட்டு.”

“அந்தக் குறைதான் வேணும்.”

அட்வைசர் கம்ப்யூட்டரில் வெகுநேரம் தேடினார். அப்படி ஒரு புகாருக்கு அதில் இடமில்லை. வாரண்டியில் கழற்றிய சாமான் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, உடைத்துப் போடும்வரை ஸ்டோரில்தான் இருக்கும், வெளியே போகாது என்றார். சொல்லும்போது அவர் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு என்ன நினைத்தாரோ, அவளைப் பின்பக்கமாக ஸ்டோருக்குக் கூட்டிப்போனார்.

ஸ்டோர்காரர் கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. “அந்த சீட்டாம்மா? பலகையில முடுக்கித்தான் வச்சிருக்கேன். முன்னால தள்ளி வச்சாலும் தினமும் பின்னால போய் ரேடியேட்டர் பெட்டிய இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பெட்டிய நகர்த்திட்டேன். மனுஷனுக்குக் கால் நீட்ட இடம் வேணும்ல?” அவரிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து வந்து, அந்த இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அதை அவள் முன்னால் இழுக்கவே இல்லை. எதிரே ரேக்கின் கீழ்க்கம்பி இருந்தது. காலை நீட்டினால் ஒரு சாண் எட்டாமல் நிற்கும். வாரத்துச் சேதியெல்லாம் சொல்வாள். கடிகாரத்தைக் கீழே இறக்கிவிட்டதை மட்டும் சொல்ல ஒரு மாதம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வருவார், அடுத்த காலாண்டு வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் வரவில்லை. ஒரு காலத்தில் அவளை வாட்டி எடுத்த அந்த இழுத்தடிப்புக்கு இப்போது அவள் உள்ளூர நன்றி சொன்னாள்.

ஸ்டோருக்கு வந்த இரண்டாம் வருடம் இருக்கை ஆறு பல்தான் பின்னால் நின்றது. அடுத்த வருடம் நாலு. “ஏங்க, இடம் பத்தலையா?” என்று கேட்டாள். ஸ்டோர்காரர் பெட்டிகளை இன்னும் தள்ளி வைத்துப் பார்த்தார், பயனில்லை. இரண்டு பல் ஆனபோது அவளே ஒருநாள் கம்பியைத் தூக்கிக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை அது திரும்ப இரண்டில் நின்றது. அதன் பிறகு அவள் கம்பியைத் தொடவில்லை.

ஐந்தாம் வருட மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வந்தபோது இருக்கை முழுக்க முன்னால் வந்திருந்தது. தான் தொடவில்லை என்று ஸ்டோர்காரர் சொன்னார்; அவள் சந்தேகப்படவும் இல்லை. உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் ரேக்கின் கம்பியில் சரியாகப் பதிந்தன. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளந்து வைத்ததுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி பதித்துப் பார்த்தாள்.

“போயிட்டாரு அண்ணே,” என்றாள்.

“ஆமாம்மா,” என்றார் ஸ்டோர்காரர். அவள் கண்ணைத் துடைத்து எழுந்து, மழை விட்டதா என்று பார்த்துப் போன பிறகு, அன்று காலையில் வந்திறங்கிய பிரேக் பெட்டிகளை எடுத்துவந்து, இருக்கைக்குப் பின்னால் காலியாகிவிட்ட இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினார்.