மில்காரருக்குப் போன ஒரு ஃபேஸ்

மாவு மில்லின் மாடியில் குடியிருந்த கணவன் மனைவியைத் தவிர, அந்தத் தெருவில் யாராலும் காலையில் தானாக எழ முடியாது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்த வீட்டில் எந்த மின்சாரமோ, குடியிருப்பவர்களும் அப்படியே ஓடினார்கள். மற்ற வீடுகளுக்கு வந்தது சிங்கிள் ஃபேஸ். ஒரே அலை, ஏறும், இறங்கும், நடுவில் ஒன்றுமே இல்லாமல் போகும். எந்தப் பக்கம் சுற்றுவதென்று மோட்டாருக்கே பிடிபடாதபோது மனிதருக்கு எப்படிப் பிடிபடும்? எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டிருப்பார்கள். மில்காரரின் மனைவி போய்ப் பக்கத்து வீட்டுக் கொழுந்தனின் தோளில் ஒரு தள்ளு தள்ளுவாள். தையல்காரரான அவர் தன் மனைவியைத் தள்ள, அப்படியே தெருக்கோடி வரை போகும். ஒருமுறை தள்ளு எதிர்ப்பக்கமாகப் பட்டதில் தபால்காரர் நாள் முழுக்கப் பின்பக்கமாகவே நடந்து தபால் கொடுத்தார்.

மில்லுக்கு வந்தது மூன்று ஃபேஸ், மூன்று கம்பி. ஒன்று தணிய அடுத்தது ஏறும், அது தணிவதற்குள் மூன்றாவது. சுற்றிவரும் அந்த இழுப்பில் மோட்டார் தானே கிளம்பும். மில்காரரும் அப்படித்தான். தம்பி வீட்டு ஜன்னலில் நின்று தினமும் சொல்வார்: “உனக்கு அண்ணி வந்து தள்ளணும். என்னைத் தொட்டுக் கிளப்ப ஒருத்தன் பொறக்கலடா.”

ஒரு மதியம் அவர் மோட்டாரில் கை வைத்திருந்தபோது கம்பத்தில் ஒரு ஃபியூஸ் போனது. லைன்மேன் வந்து மாற்றினார். போன ஃபேஸ் மோட்டாருக்குத் திரும்பி வந்தது, மில்காரருக்கு வரவில்லை.

“ஓட்டத்துல ஒண்ணு போனா மிச்சம் ரெண்டுல ஓடும்ணே. ஆனா சூடேறும். விட்டா எரிஞ்சு போயிருவீங்க. நின்னீங்கன்னா, ஆள் தள்ளாம கிளம்பாது” என்றார் லைன்மேன்.

மில்காரர் நிற்கவில்லை. மில்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கையிலிருந்த டீ ஆறுவதற்குப் பதில் கொதித்தது. சட்டைப் பொத்தான்கள் இளகின. தம்பி கூடவே ஓடி, “உக்காருண்ணே, தள்ள நாங்க இல்லையா?” என்றார். நான் என்ன நீயா என்று கேட்டுவிட்டு அண்ணன் நடையைக் கூட்டினார். காலர் கருகும் வாசனை வந்தது. மனைவி மாவு அள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்றில் அவள் முன்னால் வந்தவர், முதுகை அவள் பக்கம் திருப்பி, மூட்டைமேல் உட்கார்ந்தார். ‘ம்ம்ம்’ என்றார்.

சட்டையில் புகை அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மாவுக் கையாலேயே ஒரு தள்ளு தள்ளினாள். மாவு அரைக்க வரிசையில் நின்றவர்கள் அவரவர் தூக்குவாளியை ஓரடி முன்னால் நகர்த்தினார்கள்.