நேரா நில்லு, அளவு எடுக்கணும்

பேண்ட்டை மாட்டிக்கொண்டு அவள் உள்ளறையிலிருந்து வந்தபோது பாதம் இரண்டும் காணாமல் போயிருந்தன. துணி தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தது.

"இந்த பேண்ட்ல இன்னொரு ஆளும் வரலாம் போல இருக்கே" என்றான் கணவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை தீயணைப்புப் படையின் பயிற்சி நிறைவு விழா. அவளுடைய அணியில் அவள் ஒருத்திதான் பெண். சீருடையோ அன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. ஒத்திகை முடிந்து இரவில் இரண்டு தெரு சுற்றிப் பார்த்துவிட்டாள், தையற்கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"நானே வெட்டித் தைக்கிறேன்" என்றான் அவன். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். கத்தரி பிடித்தே வளர்ந்த கை.

"தலைமுடின்னா நினைச்சுட்டீங்களா? தப்பா வெட்டினா மறுபடி வளராதுங்க."

"தெரியும்மா. அதான் ஒண்ணுக்கு நாலு தடவை அளக்கப் போறேன்."

ஷூவைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னான். வெறுங்காலில் அளந்தால் குட்டையாகிவிடும் என்பது வரை யோசித்திருந்தான். மண்டியிட்டு, துணியை உள்பக்கம் மடித்து, ஷூவின் மேல் லேசாகப் படும்படி வைத்துக் குண்டூசி குத்தினான். அவள் ஒவ்வொரு குத்துக்கும் குனிந்து குனிந்து பார்த்தாள்.

கத்தரியை எடுத்தவன் ஏதோ தோன்றி, "ஒரு தடவை அணிவகுப்புல நடக்கிற மாதிரி நடந்து காட்டு" என்றான்.

அவள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள். பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி, காலுறை பல்லைக் காட்டியது. அவன் கத்தரியைக் கீழே வைத்தான்.

"நீ குனிஞ்சு குனிஞ்சு பார்த்தல்ல, பேண்ட்டோட முன்பக்கம் கீழே இறங்கிடுச்சு. அதை நம்பி மடிப்பை மேலே தூக்கிட்டேன். வெட்டியிருந்தா போச்சு!"

குண்டூசிகளை உருவினான். "இப்ப கீழ பார்க்காத. நேரா நில்லு. எதிர்ச் சுவரப் பாரு. நாளைக்கு எப்படி நிப்பியோ அப்படி."

அவள் நின்றாள். அவன் அண்ணாந்து பார்த்தான். கன்னம் வற்றி, தோள் இறுகி, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கடையில் ஒருவர், "உன் வீட்டுக்காரி தீயை அணைக்கப் போயிட்டா, வீட்டுல அடுப்பை யாரு பத்த வைப்பா?" என்று கேட்டுப் பெரிதாகச் சிரித்தது நினைவுக்கு வந்தது. "இப்பவும் நான்தானே பத்த வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் அந்த ஆளின் மறுகன்னத்தில் நுரை தடவியிருந்தான்.

இந்த முறை அளவு அச்சாக அமைந்தது. மடிப்பின் மேல் சோப்புத் துண்டால் கோடு கிழித்து, பேண்ட்டைக் கழற்றித் தரச் சொல்லி, அதன் இரண்டு காலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்தான். உள்ளே மடிக்க நாலு விரல் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். பிசிறு தெரியாமல் ஓரத்தை மடக்கி, வெளித்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியில் எடுத்து எடுத்துத் தைத்தான். ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்ததும் தையல் போட்ட இடமே தெரியவில்லை.

"பரவாயில்லையே!" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் வீடு முழுக்க இரண்டு சுற்று நடந்தான்.

மறுநாள் மைதானத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தான். தன் கைவேலையைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று வந்தவன், அணி திரும்பியதும் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஏணி நிமிர்ந்தது. தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் விறுவிறுவென்று ஏறினாள். உச்சியில் காலை ஊன்றிக் கையை உயர்த்தியபோது மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது.

பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "உங்க ஆளு யாருங்க இதுல?"

"மேல நிக்கிறாளே, அவதான். என் பொண்டாட்டி." அடுத்த பக்கம் இருந்தவர் கேட்காமலேயே அவரிடமும் திரும்பிச் சொன்னான்.

விழா முடிந்து, தண்ணீர் பீய்ச்சிக் காட்டியதில் தொப்பலாக நனைந்து ஓடி வந்தாள். "பாருங்க, ஒரு தையல் விடல!" என்று காலை நீட்டினாள்.

"அதையெல்லாம் யாரு பார்த்தா?" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.