இரண்டாவது கூடு

என் தம்பி பொய் சொல்ல மாட்டான். ஆனால் அவசரக்குடுக்கை. அதுதான் என் கவலை.

அவன் கண்டுபிடித்ததாகச் சொல்வது இதுதான்: ஹைட்ரஜன் ஊறிய ஓர் உலோகத் துணுக்கை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினால், ஃப்ரீஸர் குளிரிலேயே அதன் மின்தடை பூஜ்யமாகிவிடுகிறது. அதாவது மீகடத்தி. மூன்று ஆய்வகங்கள் முயன்று பார்த்துக் கையை விரித்துவிட்டன. நாலாவதாக யாராவது ஆமாம் சொல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். கூடவே அவன் வேலையும் போகும். எனவே அந்த வைரங்களைத் தாங்கும், உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கூட்டைத் தூக்கிக்கொண்டு என் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான்.

“அக்காங்கிற சலுகையெல்லாம் கிடையாது” என்றேன்.

“உங்கிட்ட அத எவன் எதிர்பாத்தான்?”

உண்மையில் பயம் எனக்குத்தான். அவன் ஜெயிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. என்னையே நம்பாமல் இன்னொரு கூடு கட்டச் சொன்னேன். அதே நான்கு தங்கக் கம்பிகள், அதே பசை. உள்ளே மட்டும் சாதாரண பிளாட்டினம்; ஃப்ரீஸர் குளிரில் அதன் தடை பூஜ்யமாகவே கூடாது. எங்களுக்கு வைரங்களைப் பொருத்தித் தருபவரை வைரக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டு கூட்டுக்கும் எண் ஒட்டி, எதில் என்ன என்ற சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றாம் எண்ணைக் குளிர வைத்தோம். மைனஸ் பதினொன்றில் திரையில் கோடு சடாரென்று விழுந்து பூஜ்யத்தில் படுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது போதும்க்கா.”

“சும்மா இருடா.”

இரண்டாம் எண். மைனஸ் பத்து. அடுத்த டிகிரியில் அந்தக் கோடும் விழுந்தது.

வைரக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சீட்டப் பிரிக்கட்டுமா?”

“வேண்டாம், எதுல எது இருந்தா என்ன?” என்றான் தம்பி. குரல் உள்ளே போயிருந்தது.

ஆனால் ஏன் விழுந்தது என்று தெரியாமல் இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. குளிர்பெட்டியின் ஜன்னல் வழியாக நுண்ணோக்கியில் மாறி மாறிப் பார்த்தோம். கம்பிகளைத் தாங்கும் பசை சுருங்கி, மின்னழுத்தம் அளக்கும் கம்பிகள் இரண்டும் துணுக்கைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் தொட்டு ஒன்றாகிவிட்டிருந்தன. அப்புறம் மீட்டர் பூஜ்யம் காட்டாமல் வேறென்ன காட்டும்?

“மத்த மூணு பேரும் வேற பசை போட்டாங்க” என்றான் தம்பி.

“உனக்கு எவன்டா இந்தக் கண்றாவியச் சொன்னான்?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உன் கட்டுரையில இருந்துதான்க்கா எடுத்தேன். அந்த முதல் கட்டுரை.”

பத்து வருடத்துக்கு முன் எழுதியது. இந்த ஆய்வகத்தையே எனக்கு வாங்கித் தந்தது. அப்போது நான் இரண்டாவது கூடு கட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

எழுந்து பீரோவிடம் போனேன். அந்தக் கட்டுரைக்காக அளந்த கூடு மேல்தட்டில்தான் இருக்கிறது.

“விடுக்கா. அத யாரு கேட்டா?”

“நான் கேக்கறேன்.”

சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. தம்பிதான் என் கையைப் பிடித்துத் திருப்பினான்.